யாரையும் நடக்க விடாதவர்

ஊத்துக்கோட்டைச் சாலையில் மனிதர்கள் நடந்துபோகும் உரிமையை ஒரே ஆளாகப் பறித்தவர் எங்கள் லாரி டிரைவர் ‘ஏறிக்கோ’. எழுபதுகளில் நான் திருவள்ளூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. சம்பளப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதியவனே நான்தான். எனக்கே அது மறந்துவிட்டது.

சாலையில் யார் நடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. லாரியை நிறுத்தி, "இன்னாத்துக்கு நடந்துகினு போற நைனா? ஏறிக்கோ" என்பார். காலணாகூட வாங்க மாட்டார். சாப்பிட்டது செரிக்க உலாத்த வந்த ஒரு பெரியவரைக்கூட விடாமல் ஏற்றி, நாலு மைல் தள்ளி இறக்கிவிட்டார். அவர் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தாராம்.

ஒருநாள் திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போக நின்ற வாதியையும் பிரதிவாதியையும் ஒரே தவிட்டு மூட்டைமேல் உட்கார வைத்தார். வந்து சேர்வதற்குள் இருவரும் ராசியாகிவிட்டார்கள். இரண்டு வக்கீல்களும் சேர்ந்து வந்து எங்கள் முதலாளியிடம் புகார் செய்தார்கள்.

முதலாளி அவரைக் கூப்பிட்டார். "ஆள் ஏத்தக் கூடாதுன்னு கதவுல எழுதிகீதே, படிக்கல?"

"கதவுலதான மொதலாளி எழுதிகீது. நான் பின்பக்கமாதான் ஏத்தறேன்."

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு காலையில் செங்கல் லோடோடு போனோம். அவர் பக்கத்தில் நான். செங்கல்மேல், வழியில் ஏற்றிக்கொண்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார். முன் டயர் வெடித்து லாரி பள்ளத்தில் சாய்ந்தது. எங்களுக்குச் சிராய்ப்பு. வாத்தியாருக்கு வலது கால் நொறுங்கிவிட்டது.

லாரியில் ஏறி வந்தவருக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது. ரோட்டில் நடந்தவருக்குக் கிடைக்கும். தன் கைப்பணம் போகாமலிருக்க முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து வாத்தியாரிடம் பேசினார். ஒரு மணி நேரத்தில் வாத்தியார் ரோட்டோரம் நடந்துபோனவர் ஆகிவிட்டார். வாழ்நாளில் யாரையும் நடக்க விடாத மனிதர்மேல், நடந்துபோனவரை இடித்ததாகக் கேஸ்.

கண்ணால் கண்ட சாட்சி நான். முதலாளி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமே தலைமைக் குமாஸ்தா ஆனேன்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அவரிடம் மென்று விழுங்கினேன். "அண்ணே, நீங்களாவது உண்மையைச் சொல்லிடுங்க."

"வாத்தியாருக்கு மூணு பொண்ணுங்க. காலும் போயி, டப்பும் வரலேன்னா இன்னா பண்ணுவாரு? உடு."

"ஜெயிலுண்ணே."

"ஒக்காந்துகினுதான இருக்கணும்? அது ஒண்ணும் பேஜாரு இல்ல."

ஆறு மாதம் போட்டார்கள். லைசென்ஸும் போயிற்று. அவர் ஏற்றி இறக்கிய அத்தனை பேரில் ஒருத்தர்கூடக் கோர்ட் பக்கம் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லையோ என்னவோ.

வெளியே வந்தவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவும் வேலை கிடைத்தது. ஒருநாள் துணிந்து போனேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"வாத்தியாரு எப்டிகீறாரு?"

"கோல் ஊணி நடக்கறாருண்ணே. உங்களத்தான் விசாரிச்சாரு."

வாத்தியார் அவர் பெயரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

"அப்டியா? என்னியா? மெய்யாலுமா?" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு கிளாஸ்களைக் கழுவப் போனார். முகத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை.

அதன்பின் அவர் உயிரோடு இருந்தவரை மாதம் ஒருமுறை கும்மிடிப்பூண்டிக்குப் போய், வாத்தியார் விசாரித்ததாகச் சொல்லிவிட்டு வந்தேன்.