மச்சானின் கைவண்ணம்

கோப்பைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். உள்ளே எதுவும் மாறியிருக்கவில்லை.

ஒரு சிமென்ட் கம்பெனியின் வரவு செலவு. அதற்குக் கடன் கொடுக்கலாமா, கூடாதா என்று நாளைக்குள் சொல்ல வேண்டும். மேனேஜர் உத்தரவு. அவன் படித்தது விலங்கியல். செவுளைப் பார்த்தே மீனுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவான். சிமென்ட் கம்பெனிக்குச் செவுள் இல்லை.

நிதித்துறைக்கு மாறப்போகிறேன் என்று சொன்னபோது மாமனார் சிரித்தார். "மீன் டாக்டருக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்த வேண்டாத வேலை?" ஆன்லைனில் ஒரு படிப்பு, அதற்கொரு சான்றிதழ், அப்புறம் இந்த வேலை. மாமனார் வாயை மூடிக்கொண்டார். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பயிற்சிக் காலத்தில் துரத்திவிட்டால் அந்த வாய் மறுபடி திறக்கும்.

மனைவியின் அண்ணன் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். மாடிப்படியில் நின்று அவருக்குப் போன் போட்டான்.

"மச்சான், ஒரு சின்ன சந்தேகம்."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

"அனுப்புங்க மாப்பிள்ளை. தங்கச்சிகிட்ட மூச்சு விடமாட்டேன்."

ஆபீஸ் விவகாரம் வெளியே போகக்கூடாதே. கம்பெனிப் பெயரை அழித்துவிட்டு 'கெண்டை மீன்பண்ணை' என்று போட்டான். எண்களையெல்லாம் பத்தால் வகுத்தான். மறுநாள் காலை கணக்கு கச்சிதமாகத் திரும்பி வந்தது. பத்தால் பெருக்கினான். கெண்டை சிமென்ட் ஆனது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"யாருய்யா போட்டது?"

"நான்தான் சார்."

"எனக்கே இப்படித்தான் போடத் தோணியிருக்கும். அச்சு அசல்!"

அதோடு விட்டிருக்கலாம். அடுத்து ஒரு துணி மில் வந்தது. அது விரால் ஆயிற்று. மருந்துக் கம்பெனி அயிரை ஆயிற்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிக்கல். மச்சான் அசரவில்லை. மேனேஜர்தான் வரவர அசந்துபோய் வந்தார்.

"முடியலைய்யா," என்று கொட்டாவி விட்டார். "வீட்டுக்குப் போனாலும் வேலை விடமாட்டேங்குது. இனிமே கஷ்டமானதெல்லாம் நீயே பாத்துடு."

பக்கத்து மேஜைப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். "எப்படிங்க போடுறீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்."

"அது சொல்லிக்குடுத்து வர்றதில்லைங்க."

அவள் மரியாதையோடு நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அவன் கழிவறைக்குப் போய் முகம் கழுவினான். கண்ணாடியைப் பார்க்காமலே வெளியே வந்தான்.

வீட்டில் மனைவி போனில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவரைப் பாத்துத்தான் ஆபீஸே கத்துக்குதாம்ப்பா!" அவன் தட்டைத் தள்ளி வைத்தான். கோபித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தான். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்கு டைரக்டர் வர்றார். நீதான் எல்லாத்தையும் விளக்கப்போறே. கையோட உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லிடறேன். இப்ப எங்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டு. இங்க வட்டியை ஏன் ரெண்டாப் பிரிச்சே?"

அவன் திரையைப் பார்த்தான். வட்டி பிரிந்துதான் இருந்தது. எதற்கென்று வட்டிக்கே வெளிச்சம்.

"சார், நான் படிச்சது விலங்கியல்."

"அதான் உன் விண்ணப்பத்துலயே இருக்கே. அதுக்கென்ன இப்போ?"

"இல்ல சார். எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரு கணக்குகூட நான் போடலை. நீங்க பாராட்டுறப்பல்லாம் நின்னு வாங்கிக்கிட்டேன். வெக்கமா இருக்கு சார்." மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மேனேஜர் பேனாவை மூடினார். "அப்ப போட்டது யாரு?"

"என் மச்சான்."

"அப்ப அந்த ஆளுக்கில்ல இந்த வேலையைக் குடுத்திருக்கணும்! கூப்பிடு அவரை. ஸ்பீக்கர்ல போடு."

இரண்டாவது மணியிலேயே மச்சான் எடுத்தார். அவன் போனின் ஓட்டை ஸ்பீக்கரில் யார் பேசினாலும் தகரக் குரல்தான்.

"சொல்லுங்க மாப்பிள்ளை!"

"மச்சான், நேத்துக் கணக்குல வட்டியை ஏன் ரெண்டாப் பிரிச்சீங்க? மேனேஜர் கேக்குறார்."

அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"அது வந்து... எடுத்தோம் கவுத்தோம்னு சொல்ற விஷயமில்ல மாப்பிள்ளை. ரெண்டே நிமிஷம், நானே கூப்பிடறேன்."

போன் அணைந்தது.

"பாத்தியா?" என்றார் மேனேஜர். "விஷயம் தெரிஞ்சவன் நிதானமாத்தான் பேசுவான். நீ உன் மேஜையைக் காலி பண்ண ஆரம்பி."

அவன் கதவுப்பக்கம் திரும்பினான். மேனேஜரின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். பேசியவரின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை; அறை முழுக்கக் கேட்டது.

"டேய், அவசரம்டா. நேத்து நீ எனக்குப் போட்டுக்குடுத்த கணக்குல வட்டியை ஏன்டா ரெண்டாப் பிரிச்சே? எங்க மாப்பிள்ளை ஆபீஸ்ல ஒரு மண்டு மேனேஜர், அவனுக்குப் புரியலையாம்!"