இரண்டு மில்லிமீட்டர் பச்சை நூல்

தும்மல் வந்தபோது இழை ஆய்வாளரின் மூக்குக்கு நேர்கீழே, கண்ணாடித் தகட்டில் அந்தப் பச்சை நூல் கிடந்தது. தும்மி முடித்தபோது தகடு மட்டும் கிடந்தது.

இரண்டு மில்லிமீட்டர் நூல். திருட்டுப்போன கடையின் உடைந்த ஜன்னலில் சிக்கியிருந்தது. சந்தேகத்தில் பிடிபட்ட மூட்டை தூக்கும் தொழிலாளியின் பச்சைச் சட்டை பக்கத்துப் பொட்டலத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றென்றால் அவனுக்கு ஜெயில். இல்லையென்றால் வீடு.

"அக்கா, ஃபேனை நிறுத்துங்க!"

ஆய்வகம் கூட்டுகிற அக்கா பதறியடித்து ஓடி ரெகுலேட்டரைத் திருகினாள். ஃபேன் பேய்போலச் சுற்றியது.

"ஐயோ, அந்தப் பக்கம் இல்ல!"

"எந்தப் பக்கம்னு சொல்லிட்டுக் கத்துங்க மேடம்!"

ஒருவழியாக ஃபேன் நின்றது. இருவரும் முட்டி தேயத் தவழ்ந்து, ஒட்டும் டேப்பைத் தரையெங்கும் ஒற்றி எடுத்தார்கள். பதினேழு பச்சை நூல்கள் தேறின. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆறு ஜன்னல் திரையுடையவை. பத்து அக்காவின் ஸ்வெட்டருடையவை.

"பத்தா? அதான் இப்பல்லாம் இவ்வளவு குளிருது."

பதினேழாவதை டேப்பிலிருந்து தகட்டுக்கு மாற்றிப் பார்க்கக் குனிந்தார் ஆய்வாளர். மறுபடி தும்மல். அதுவும் போயிற்று.

அக்கா குரலைத் தணித்தாள். "உங்க வேலை போயிடும் மேடம். பேசாம அந்தச் சட்டையிலேருந்தே ஒண்ணைப் பிச்சு வச்சுட்டா என்ன?"

"சட்டை நூல் அதே சட்டையோட பொருந்தாம எங்க போகும்? அவன் திருடினானோ இல்லையோ, உள்ள போயிடுவான்."

அக்கா கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரரும் மூட்டை தூக்குறவர்தான். உள்ளத எழுதிக் குடுத்துடுங்க."

ஆய்வாளர் எழுதினார்: 'சான்று நூல் என் கவனக்குறைவால் தொலைந்தது.' பதினொரு வருட உத்தியோகத்தை ஒரே வரியில் எழுதி முடித்தாயிற்று.

பொட்டலங்களைக் கொண்டுவந்த போலீஸ்காரர் அறிக்கைக்காக வெளியே பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆய்வாளரின் கலங்கிய கண்ணைப் பார்த்ததும் அவருக்கே மனசு கேட்கவில்லை.

"அட, இதுக்கா மேடம் அழறீங்க? நிஜ நூலு வர்ற வழியில ஜீப்புலேயே பறந்துருச்சு, நீங்க தும்மித் தொலைச்சது நான் அந்தச் சட்டையிலேருந்து பிச்சு வச்சது. இருங்க, இன்னொண்ணு பிச்சுத் தர்றேன்!"