பதினெட்டாம் தளத்து அரக்கன்

அடியே இல்லாத ஒரு பாதாளத்தைக் கட்டிவிடுவது என்று லோவல் ஹாஃப்டல் தீர்மானித்தது நவம்பரில் மான் வேட்டை முடிந்த வாரத்தில். கட்டுவது என்றால் கல்லும் சுண்ணாம்பும் வைத்து இல்லை. கட்டம் போட்ட தாளில், பென்சிலால். மனைவி டோரீன் அம்மாளைச் சமாளிக்க அதுவே போதும் என்று நினைத்தார். பாவம், இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன்.

விஷயம் இதுதான். லோவல் வீட்டு நிலவறையில் ஒரு பழைய பிங்-பாங் மேஜை. சனிக்கிழமை மத்தியானம் மகள் ப்ரிட்டாவும் அவளோடு படிக்கிற மூன்று பேரும் அதைச் சுற்றி உட்காருவார்கள். ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தன் திருடன், மற்ற இரண்டு பேர் வாள் பிடிப்பவர்கள். லோவல் கதை நடத்துவார். எதிரே ஒரு கதவு, பின்னால் ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள் என்பார். பிள்ளைகள் யோசித்துச் சொல்வார்கள், பகடை உருட்டுவார்கள், பிழைப்பார்கள் அல்லது சாவார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனிக்காலம் ஐந்து மாதம். வேறு என்னதான் செய்வது?

பதினாறு வயசு ப்ரிட்டா மற்ற ஆறு நாளும் அப்பாவோடு பேசுவது ஒரே ஒரு 'ம்'. சனிக்கிழமை மட்டும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவாள், சண்டை போடுவாள், சிரிப்பாள். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் லோவல் வாரம் முழுக்க லாரி ஓட்டினார் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அந்த மேஜை கிடக்கிற இடத்தின் மேல்தான் டோரீன் அம்மாளுக்குக் கண். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற மெஷின் ஒன்று வாங்கியிருந்தாள். பன்னிரண்டடி நீளம். மேலே எந்த அறையிலும் அடங்காது. இரண்டு வருஷமாக அது அவள் தம்பியின் மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. ஒருநாள் அவள் கீழே இறங்கி வந்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டே, இந்தக் கதை எப்போது முடியும் என்று கேட்டாள். பாதாளத்தின் அடியைத் தொட்டதும் முடிந்துவிடும் என்றார் லோவல். முடிந்ததும் இடம் எனக்கு என்றாள். உனக்குத்தான் என்றார். நான்கு பிள்ளைகள் சாட்சி.

அசல் திட்டப்படி பாதாளத்துக்கு ஐந்து தளம். பிள்ளைகள் அப்போதே மூன்றாவதில் நின்றார்கள். அன்றைக்குச் சாயங்காலமே லோவல் ஐந்தாவது தளத்தில் இன்னொரு படிக்கட்டு வரைந்தார். அழிப்பான் தூளை ஊதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்தான் தாங்கியது. லோவலுக்கு உத்தியோகம் சாலைப் பனி தள்ளும் லாரி. விடியுமுன் கிளம்பினால் திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம். சாப்பிட்டதும் தாளை விரித்து அடுத்த தளம் போட வேண்டும். முதலில் ஆசையாகத்தான் போட்டார். மூழ்கிப்போன கோயில், எலும்புப் பாலம், பொய் சொல்லும் நீரூற்று. பத்தாவதில் சரக்குத் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டாவதுக்கு இரண்டாவதைத் தலைகீழாகத் திருப்பினார். பதினான்காவது, அவர் வேலை பார்க்கிற லாரி ஷெட்டேதான். பனி உருகச் சாலையில் போடும் உப்புக் குவியலை 'வெள்ளை மலை' என்று எழுதிவிட்டார். ஒரு பிள்ளையும் கண்டுகொள்ளவில்லை.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து வரைந்த டிராகன் மண்டபத்தை இரண்டு நிமிஷத்தில் தாண்டிப் போய்விடுவார்கள். வாய்க்கு வந்தபடி நடுவில் ஒரு காளான்காரனைச் சொல்லிவிட்டால் போதும், அவன் பெண்டாட்டி சௌக்கியமா என்று ஒன்றரை மணி நேரம் விசாரிப்பார்கள். அதில் மாய் யாங் என்ற பெண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைப்பாள். போன மாதம் அந்தப் பாம்புக்கு விஷம் இல்லை என்றீர்களே என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டுவாள். இந்த வழக்கைத் தாங்க முடியாமல்தான் லோவல் ஒரு சட்டம் போட்டார். கதை நடத்துகிறவர் வாயால் வந்தது வந்ததுதான், பின்வாங்கல் கிடையாது. 'சொன்னா சொன்னதுதான்' என்று தடித்த எழுத்தில் தன் கையாலேயே எழுதிச் சூடேற்றும் கொதிகலன் மேல் ஒட்டியிருந்தார்.

டோரீன் அம்மாள் வாராவாரம் சாக்லேட் துண்டுகள் அடுக்கிய தட்டோடு இறங்கி வருவாள். அடி இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்பாள். இன்னும் கொஞ்சம் இருக்கு என்பார் லோவல். சரி என்று ஏறிப் போய்விடுவாள். திட்டினாலாவது பதில் சொல்லலாம். இந்தச் 'சரி'யைக் கேட்ட ராத்திரியெல்லாம் அவர் இன்னொரு படிக்கட்டு வரைந்தார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. திருடனாக ஆடுகிற ட்ரெவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. ஆள் குறைகிறதே, நான் உட்காரட்டுமா என்றாள் டோரீன். லோவலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் இந்த மேஜையில் உட்கார்ந்ததே இல்லை. வாள் வேண்டுமா, மந்திரம் வேண்டுமா என்று கேட்டார். இரண்டும் வேண்டாம், இவ்வளவு பெரிய கோட்டையில் துணி துவைக்க ஒருத்தி இருப்பாள் இல்லையா, நான் அவள் என்றாள். ஆயுதம்? ஒரு கூடை.

அன்றைக்குப் பதினெட்டாம் தளம். படிக்கட்டு வாசலில் ஒரு கல் அரக்கன். அவன் பலம், தடியின் எடை, பல்லின் எண்ணிக்கை வரை லோவல் எழுதிவைத்திருந்தார். மூன்று வாரச் சண்டைக்குத் தாங்குவான் என்பது கணக்கு. அவன் வாயைத் திறந்தால் என்ன பேசுவான் என்று மட்டும் ஒரு வரி எழுதவில்லை. சண்டைக்கு நிறுத்திய ஆளிடம் யார் பேசப் போகிறார்கள்?

பிள்ளைகள் வாளை உருவினார்கள். டோரீன் கையைத் தூக்கினாள்.

"இருங்க. வேலையில இருக்கிற ஆளு. முதல்ல ஒரு வார்த்தை கேப்போம். ஏம்ப்பா, எவ்ளோ நாளா இங்க நிக்கறே?"

"முந்நூறு வருஷமா," என்றார் லோவல் குரலைக் கனக்கச் செய்து.

"உட்காரவே இல்லையா?"

"நாற்காலி குடுக்கல."

ப்ரிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். அதோடு லோவலுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் சிரிக்கிறாள் என்றால் மனுஷன் எதையும் பேசிவிடுவார்.

"யாரு நிக்கச் சொன்னது?"

"கீழ இருக்கிற ராஜா."

"அவரைப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்போ கீழ என்னதான்ப்பா இருக்கு?"

அன்றைக்குக் காலையிலும் லோவல் லாரியில்தான் இருந்தார். ராத்திரி விழுந்த பனி முழுக்க அவர் முட்டியில் இருந்தது. பத்தொன்பதாம் தளத்துக்கான வெற்றுத் தாள் மடியில் கிடந்தது. அதன் பிறகு பேசியது அரக்கனா, லோவலா என்று அவருக்கே தெரியாது.

"ஒண்ணும் இல்லம்மா. இன்னொரு தளம் இருக்கு, இன்னொரு தளம் இருக்குன்னு சொல்லிச் சொல்லியே வாரத்தை ஓட்டறேன். கீழ ஒண்ணுமே கிடையாது. என்னால முடியல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா உட்கார்ந்தாப் போதும்."

மாயின் பென்சில் கரகரவென்று ஓடியது.

"அங்கிள், 'கீழ ஒண்ணுமே கிடையாது'. எழுதிக்கிட்டேன்."

லோவல் பதறிப்போனார். அது அரக்கன் சொன்னது, அவன் பொய் சொல்லியிருப்பான் என்றார். மாய் நோட்டைப் பின்னால் புரட்டினாள். ஆறாம் தளம், டிசம்பர்: கல் அரக்கர்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிள்ளைகள் மூன்று பேரும் கொதிகலன் மேல் ஒட்டியிருந்த சட்டத்தைக் கை காட்டினார்கள்.

"அப்போ இதுதான்ப்பா அடி," என்றாள் ப்ரிட்டா. "தொட்டாச்சு."

அந்த நேரம் பார்த்து மேலே கதவு திறந்தது. படியில் ஒரு ஆள் பின்பக்கமாக இறங்கி வந்தான். பன்னிரண்டடி மெஷினின் ஒரு முனை அவன் கையில், மறு முனை டோரீனின் தம்பி கையில். காய்ச்சல் கண்ட ட்ரெவர்தான். முகம் சிவந்திருந்தது உண்மை. அது பாரம் தூக்கிய சிவப்பு.

லோவல் டோரீனைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை. பத்தொன்பதாம் தளம் வரைய வேண்டாம் என்ற நினைப்பு வந்து, உடம்பு அப்படியே நாற்காலியில் தளர்ந்தது. அடுத்த நிமிஷம் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. இனி ப்ரிட்டா ஏழு நாளும் 'ம்'தான்.

அடுத்த வாரம் ஆட்டம் சமையலறை மேஜையில் என்றாள் ப்ரிட்டா. அம்மா வரைபடம் போட்டுவிட்டாளாம். மூன்றே அறை. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடுமாம்.

"நீயும் வரணும்ப்பா. அந்த அரக்கனை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்ககூட வரட்டும்."

லோவல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அரக்கனுக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"பாரம் தூக்கற வேலை," என்றாள் டோரீன் அம்மாள். "இன்னிக்கே சேந்துடலாம். மேஜையோட அந்தப் பக்கத்தைப் பிடி."