பெரியப்பாவாக வந்த குதிரை

அன்புள்ள லியோ,

ஆம், அது நம் சமையலறைதான். அந்த அடுப்பு, அந்த நாற்காலி, அந்த அப்பா. எல்லாம் நம்முடையவை. குதிரை மட்டும் அம்புரோஸ் பெரியப்பாவுடையது.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். இங்கே யாரும் நலமில்லை.

ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்ததாக எழுதியிருக்கிறாய். நியூஃபவுண்ட்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு வேடக்காரர்கள் வீடு வீடாக வருவார்கள், முகத்தைத் துணியால் மூடியிருப்பார்கள், யாரென்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கும்வரை விலக்கமாட்டார்கள், கண்டுபிடித்தால் ரம்மும் கேக்கும் என்பதை அவர்களுக்குச் சொன்னாயா? சொல்லாவிட்டால் நாம் வெறும் முட்டாள் குடும்பம். சொன்னால் காரணத்தோடு முட்டாள்களான குடும்பம்.

ஒரு வேடக்காரர் கூட்டம் கதவைச் சாத்தாமல் போனது. பெரியப்பாவின் குட்டைக் குதிரை லாயத்திலிருந்து நழுவி, குளிருக்கு வின்னி பெரியம்மா அதன்மேல் கட்டியிருந்த ஒட்டுத்துணிப் போர்வையோடு, நம் துணிக்கொடிக்குள் புகுந்து, அங்கே விறைத்துத் தொங்கிய ஜன்னல் திரையைத் தலையில் மாட்டிக்கொண்டு, நேராக உள்ளே வந்து அடுப்பருகே நின்றது. இரண்டு பேர் சேர்ந்து குதிரை வேடம் போடுவது எல்லா வருடமும் நடப்பதுதானே. கைதட்டினோம். நானும் தட்டினேன். பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவள்.

தபால்காரர் ஹெட்லியா என்று கேட்டோம். செருமியது. வேடக்காரர்கள் குரலை மாற்ற மூச்சை உள்ளிழுத்துப் பேசுவார்கள், அதனால் அதையும் பேச்சென்றே எடுத்துக்கொண்டோம். அப்பா எழுந்துபோய் மோந்து பார்த்தார்.

“இது எங்க அண்ணன் வாடை.”

பக்கத்து வீட்டு டல்சி ஃபோனில் எடுத்துக்கொண்டே, “அப்ப பின்னங்கால் யாரு, சிரிலு?” என்று அப்பாவைக் கேட்டாள்.

“அண்ணிதான். நடையப் பாத்தா தெரியல?”

எல்லாரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. தாத்தாவின் படகை விற்றதிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசியதில்லை. முதல் தடவையாக அண்ணன் வாசல் தாண்டி வந்துவிட்டார் என்று நினைத்தார் அவர். திரைத்துணியின் இரு பக்கமும் கை வைத்துக்கொண்டார்.

“அண்ணே, உன்னக் கேக்காம அப்பாவோட படக நான் வித்தது தப்புதான். பனி உருகினதும் ஹாலிஃபாக்ஸ்ல மக வீட்டோட போயிடப் போறியாமே. அதுக்குள்ள சொல்லிடணும்னு இருந்தேன்.”

நீ பார்த்தது இதுவரைதான். இங்கே டல்சி ஃபோனை நழுவவிட்டாள். பிறகு குதிரை கேக்கை முழுதாகத் தின்றது. லத்தி போட்டது. அப்போதும் டல்சி, “இது கொஞ்சம் ஓவர், அம்புரோஸு” என்றுதான் சொன்னாள்.

டல்சி அதை இணையத்தில் போட்டாள், மறுநாள் உலகம் பார்த்தது. பெரியப்பா பார்க்கவில்லை. அவர் வீட்டில் இணையம் இல்லை. கடையில் சொல்லக் கேட்டார். சொன்னவர்கள் வாடையையும் பின்னங்காலையும்தான் சொன்னார்கள். படகைச் சொல்ல யாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை போலிருக்கிறது. குதிரையைப் பிடித்துப்போக வந்தவர் வேலிக்கு வெளியிலேயே நின்று கத்தினார்.

“என் வாடை குதிர வாடையாடா?”

“நான் என்னாத்த பின்னங்கால் மாதிரி நடந்தேன்?” என்றார் பெரியம்மா.

அப்பா திரைக்குப் பின்னால் நின்றார். அதாவது, திரை இல்லாத ஜன்னலுக்குப் பின்னால். எல்லாருக்கும் தெரிந்தார்.

டொராண்டோவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, குதிரை இப்போது எப்படி உணர்கிறது என்று கேட்டார். வைத்துவிட்டேன். அப்பா சாப்பிடுவதில்லை. போய்ப் பேசுங்கள் என்றால், “இன்னொரு தடவ சொல்ல எனக்கு வராது. இருந்ததையெல்லாம் அதுகிட்ட கொட்டிட்டேன்” என்கிறார். பெரியப்பா வீட்டில் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆகவே, உன் நண்பர்கள் எல்லாரையும் கூட்டிவைத்து அந்த வீடியோவின் மேல் புகார் கொடு. அதை நீக்கவைக்காமல் எனக்கு எழுதாதே. கம்பளிக் காலுறை போடு. அந்தோனியார் உன்னைப் பார்த்துக்கொள்வார், எங்களை அவர் கைவிட்டுவிட்டார்.

உன் அக்கா,
நோரீன்

பி.கு.: புகார் கொடுக்காதே. உறையை ஒட்டும்போது பெரியப்பா உள்ளே வந்தார். “அந்தக் கண்றாவியப் போடு, யார் யார் சிரிச்சாங்கன்னு பாக்கணும்” என்றார். கணினியில் போட்டேன். படகுப் பேச்சு வந்தது. “மறுபடி போடு.” போட்டேன். தன் குரல் கேட்டு அப்பா அறையிலிருந்து வந்து கதவோரம் நின்றார். பெரியப்பா திரும்பவில்லை.

“இதுக்கு அப்புறம் குதிர என்னடா பண்ணுச்சு?”

“மூஞ்சிய நக்குச்சு, அண்ணே.”

“அதெல்லாம் என்னால முடியாது.”

அப்பா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் வாசல் பனியை வாரினேன்.