தண்ணிப்பாம்புதான், பயப்பட வேண்டாம்

சம்பந்தி தில்லைநாதன் அவர்களுக்கு,

கிள்ளை பக்கிரி கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். திருவந்திபுரத்தில் உங்களையும் தேவநாதசாமி அப்படியே வைத்திருக்கட்டும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பக்கத்து வீட்டு தேவசகாயம். கல்யாணப் பந்தியில் உங்கள் தம்பி இலைக்கு மறுரசம் வரவில்லையென்று எழுந்து போன நீங்கள் இன்னும் என் போனை எடுக்காததால், அவரே இதை வண்டியில் கொண்டுவருகிறார். அன்றைக்கு ரசவாளி பிடித்தது உங்கள் சித்தப்பா மகன்தான். அது கிடக்கட்டும்.

உங்கள் மகன் அருண்குமாரை இன்று விடியற்காலை பாம்பு கடித்துவிட்டது. பதற வேண்டாம். சதுப்புக்காட்டு ஓரம் கிடந்த மீன்வலையைச் சுருட்டித் தோளில் போடும்போது கையில் சுருக்கென்றதாம். வலையை வீட்டில் போட்டுவிட்டுத்தான் விஷயத்தையே சொன்னார். என் மகள் இளவரசி அவரைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கடித்த பாம்பைக் காட்டாவிட்டால் டாக்டர் எதைப் பார்த்து வைத்தியம் செய்வார் என்று நானும் என் தம்பி கொளஞ்சியப்பனும் காட்டுக்குள் இறங்கினோம். பாம்படிக்கக் கம்பு வேண்டுமென்று அவன் போயும் போயும் தில்லை மரத்தில் கிளை ஒடித்தான். பால் தெறித்து ரெண்டு கண்ணும் வீங்கி மூடிப்போச்சு. அவனை ஒரு கையில் பிடிச்சிக்கிட்டு, சேத்துல தேடித்தேடி, கடைசியா வாய்க்கால்ல ஒண்ண அடிச்சு பெயிண்டு வாளியில போட்டு ஆஸ்பத்திரிக்கே எடுத்துட்டுப் போனோம்.

டாக்டரம்மா வாளியை எட்டிப் பார்த்து, "இது தண்ணிப்பாம்பு. கடிச்சது இதுதானா?" என்று கேட்டார். கண் திறக்க முடியாத கொளஞ்சியப்பன், "சத்தியமா இதேதாம்மா" என்றான்.

எந்தப் பாம்பாக இருந்தாலும் ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும் என்று அந்தம்மா சொன்னார்கள். தண்ணிப்பாம்புக்கு எதற்குக் கட்டில் என்று நான்தான் கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்து அழைத்து வந்துவிட்டேன். கடிவாயில் வீக்கம்கூட இல்லை. கண் மட்டும் சொருகுகிறது. அலைச்சல், தூங்குகிறார். நீங்கள் வர வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பக்கிரி (ரேகை)

பின்குறிப்பு: தேவசகாயம் வண்டி எடுக்கறதுக்குள்ள இதையும் எழுதச் சொன்னேன். இளவரசி வலையை உதறினா. உள்ள கட்டுவிரியன். அருணை எழுப்பினோம், வாய் திறக்க வரலை. ஆட்டோவுல ஏத்திட்டோம். வீட்டுக்கு வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. என்னை அடிக்கிறதுன்னா அங்கயே அடிங்க, நான் வாசல்லதான் இருப்பேன்.