காகிதத்தில் மடித்த கற்பூரம்

பெங்களூரில் மனுஷர்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டக்கூடிய ஒரே ஆள் ஐஸ்விரல் சார்தான்.

நிஜப் பெயர் வேறு என்னவோ. பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன கெமிக்கல் கம்பெனி லேபில் இருந்தார். கோலார் தங்கவயல்காரர். அங்கே ஐஸ் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. ஓசூர் ரோட்டில் மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த சமயம் அது. சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி, டிராஃபிக்கில் நின்றே பாதி தண்ணீராகிவிடும். "என்னா பெருசு, ஐஸ் கேட்டா தீர்த்தம் கொண்டாற?" என்பார்.

ஐஸ் எதற்கென்றால், அவரிடம் ஒரு கண்ணாடிச் சாமான் இருந்தது. வயிறு பெருத்த குழாய். அதற்குள் மேலிருந்து விரல் மாதிரி இன்னொரு குழாய் தொங்கும். விரலுக்குள் ஐஸைப் போட்டு, அடியில் கலப்படச் சரக்கை வைத்து, உள்ளே இருக்கிற காற்றை பம்பால் உறிஞ்சிவிட்டு, மெல்லச் சூடு காட்டுவார். ஆவியாகிற ஜாதி எதுவோ அது உருகாமலே புகையாகப் போய் விரலில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். அழுக்கு அடியிலேயே கிடக்கும். அந்த நேரத்தில் யாரும் தும்மக்கூடாது. ஒருமுறை தும்மிய முதலாளியே தன் சொந்த லேபுக்கு வெளியே போய் நின்றார்.

மூடி விஷயத்தில் சார் ராட்சசர். கற்பூரம், அந்துருண்டை எல்லாம் திறந்து கிடந்தால் தானாகவே காற்றோடு போகிற சரக்காம். "மூடுடா, பறக்குது" என்று தமிழ், கன்னடம், உருது மூன்றிலும் திட்டுவார். டீ ஃபிளாஸ்க் திறந்திருந்தாலும் அதே திட்டுதான்.

ஆபீஸில் பில் போடுகிற சுமதி, ஆனேக்கல் பெண். கடைக் கற்பூரம் ஏற்றினால் தட்டைத் தேய்த்து மாளவில்லை என்று ஒருநாள் என்னிடம் அலுத்துக்கொண்டாள். சார் காதில் விழுந்துவிட்டது. அன்றே கடைக் கற்பூரம் வாங்கிவந்து ஐஸ்விரலில் ஏற்றினார். அடியில் மெழுகு நின்றது. அதை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

"சாமியே ஒண்ணும் சொல்லல. சர்ச்சுக்குப் போற உனக்கு என்ன சார் வந்துச்சு?" என்றார் கடைக்காரர்.

விரலில் ஒட்டியதைச் சுரண்டி, வெள்ளைக் காகிதத்தில் மடித்து, யுகாதிக்கு முந்தின நாள் சுமதி கையில் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நல்லா எரிஞ்சுதுன்னு அவ வந்து சொல்லட்டும் பெருசு. அன்னிக்கே கேட்டுடறேன்."

"என்னன்னு சார்?"

"கட்டிக்கிறியான்னுதான். பின்ன, ஐஸ் வேணுமான்னா?"

சுமதி அதை யுகாதிக்கு ஏற்றவில்லை. நல்ல கற்பூரமாயிற்றே, வரமகாலட்சுமி பூஜைக்கு ஆகும் என்று மேஜை டிராயரிலேயே வைத்துவிட்டாள். கோடை முழுக்க சார் அவள் முகத்தைப் பார்ப்பதும் ஐஸைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பூஜைக்கு வீட்டுக்கு எடுத்துப்போகப் பிரித்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏன் அங்கிள், உங்க சார் சும்னே வெளையாடறாரா? உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் காகிதம்."

போய்ச் சொன்னேன். சார் கையிலிருந்த பாட்டிலின் மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கினார்.

"ஊரையே மூடு மூடுன்னு திட்டறேன். நானே காகிதத்துல மடிச்சிருக்கேன் பாரு."

"அதையே போய்ச் சொல்லுங்க சார்."

"என்னன்னு? இருந்துச்சு, பறந்துடுச்சுன்னா?"

சொல்லவில்லை. தை பிறந்து சுமதிக்கு ஓசூரில் மாப்பிள்ளை அமைந்தது. வேலையை விடுகிற சாயங்காலம் டிராயரைக் காலி செய்யும்போது அந்தக் காகிதம் கையில் வந்தது. முகர்ந்து பார்த்தாள். "வாசன மட்டும் இன்னும் இருக்கு அங்கிள்" என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிப்போனாள்.

மாடியிலிருந்த லேபுக்கு ஏறிப்போய் அதைச் சொன்னேன். சார் சூட்டைக்கூட அணைக்காமல், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடியே பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

திரும்பி மெதுவாகத்தான் வந்தார்.

"பஸ் போயிடுச்சா சார்?"

"நின்னுட்டுதான் இருந்துச்சு. ஜன்னலோரம் உக்காந்திருந்தா. சிரிச்ச மொகமா இருந்தா பெருசு. கையக் காட்டிட்டு வந்துட்டேன்."

இப்போது அந்தக் கம்பெனி அங்கே இல்லை. சார் எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஊர் சொல்கிறார்கள். கிறுக்கு மனுஷன் என்றும் சொல்கிறார்கள். அவ்வழியே பஸ்ஸில் போகும்போது, அந்த ஸ்டாப் வந்தால் நான் மட்டும் குனிந்து வெளியே பார்க்கிறேன்.