டேஷ்போர்டு மாதா

கிளாரன்ஸ் தினமும் சாயங்காலம் ஊட்டிக்குப் போவார். மனசு சரியில்லை என்றால் கொடைக்கானல். வண்டி மட்டும் பெங்களூர் லிங்கராஜபுரம் வீட்டுப் போர்ட்டிகோவை விட்டு ஓர் அங்குலம் நகராது.

அது ஒரு பழைய ஃபியட். அறுபதுகளில் பிறந்தது. அவரும் அறுபதுகளில் பிறந்தவர்தான். ஆனால் வண்டிக்கு இருக்கிற மெருகு அவருக்கு இல்லை என்பது மனைவி மௌரீனின் கருத்து. ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கு இதுதான் வேலை. காபி டம்ளரோடு டிரைவர் சீட்டில் உட்காருவார். கதவைச் சாத்துவார். கண்ணை மூடுவார். உடனே ஃபிளைஓவர் எல்லாம் கரைந்துபோகும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடிக்கும். பனி லேசாக இறங்கும். சிக்னல் கிடையாது, ஹார்ன் கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது. அப்படி ஒரு பெங்களூர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் கிளாரன்ஸுக்கு அங்கே போக வழி தெரியும்.

கண்ணைத் திறந்தால்தான் வினை. எதிரே, டேஷ்போர்டின் நட்டநடுவில், கேசட் செட் உட்கார்ந்திருக்கும்.

அது மௌரீனின் தம்பி லாயிட் கொடுத்த கல்யாணப் பரிசு. ஒரே தகடாக, வழவழவென்று இருந்த டேஷ்போர்டை ஆள் வைத்து அறுத்து, மேலே டெக், கீழே ஈக்வலைசர் என்று மாடி வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் புண்ணியவான். பட்டு வேட்டிக்கு ஜிப் வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. செட் பாட்டை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இடத்தை மட்டும் காலி பண்ணவில்லை.

ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் கிளாரன்ஸ் சபதம் எடுத்தார். பிப்ரவரியில் ஊரில் பழைய கார்களின் அணிவகுப்பு. எல்லாம் ஒரிஜினலாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஓட்டையை அடைத்து, டேஷ்போர்டைப் பிறந்த மேனிக்குக் கொண்டுவந்தே தீருவது. சபதம் எடுத்த கையோடு சமையலறைக்குப் போனார்.

"மௌரீன், அந்த கேசட் செட்டைக் கழட்டிடலாம்னு இருக்கேன்."

"தொட்டுப் பாருங்க."

"அதான் பாடறதே இல்லியேம்மா!"

"நீங்ககூடத்தான் வேலைக்குப் போறதில்ல. உங்களைக் கழட்டியா வெச்சுட்டேன்?"

"இல்ல, ஒரிஜினலா..."

"லாயிட் ஆசையா வாங்கிக் குடுத்தது. அதுல மட்டும் கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

கிளாரன்ஸ் ஹாலுக்கே திரும்பினார். ஏற்கெனவே வீட்டில் ஒரு சண்டை நிலுவையில் இருந்தது. போர்ட்டிகோவில் மாதாவுக்கு ஒரு கெபி கட்ட வேண்டும் என்பது மௌரீனின் நெடுநாள் ஆசை. நாலு பேர் நின்று ஜெபிக்கிற மாதிரி, பாறை வைத்த குகை. போர்ட்டிகோவோ ஒரு காருக்குத்தான் கணக்கு. 'வண்டியை எங்க நிறுத்தறது, தெருவுலயா? காக்கா அதுக்குப் பெயிண்ட் அடிக்கவா?' என்று கிளாரன்ஸ் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுவார். அவர் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே விவாதம் அது. அதை அவர் இழக்கத் தயாராக இல்லை.

நவம்பர் வரைக்கும் தைரியம் சேர்த்தார். ஒரு சனிக்கிழமை மௌரீன் நவநாள் ஜெபத்துக்குக் கோயிலுக்குக் கிளம்பினாள். கேட்டு சாத்துகிற சத்தம் கேட்டதும் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். செட் வந்துவிட்டது. பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பரணில் போட்டார். டேஷ்போர்டில் அரை ஜாண் உயரத்துக்கு ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பரவாயில்லை. டிங்கரிங் வேலை செய்கிற டிரேவரிடம் ஒடைசல் ஃபியட் ஒன்றின் டேஷ்போர்டு இருந்தது. அதிலிருந்து துண்டு வெட்டி வெல்டிங் வைத்து, பெயிண்டும் அடித்துவிட்டால் மௌரீன் என்ன செய்ய முடியும்? அவள்தான் வண்டிப் பக்கமே வருவதில்லையே! அன்று ராத்திரி தூக்கத்தில் அவர் அணிவகுப்பில் போனார். ஜனங்கள் கை தட்டினார்கள். லாயிட்கூடத் தட்டினான்.

மறுநாள் பூசை முடிந்ததும் பெயிண்ட் கலர் பார்க்க டிரேவர் ஷெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். போர்ட்டிகோவில் ஊதுபத்தி வாசனை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

ஓட்டைக்குள் மாதா நின்றுகொண்டிருந்தார். நீல முக்காடு, கூப்பிய கை, காலடியில் மல்லிகைப்பூ, தலைக்கு மேலே மினுக் மினுக்கென்று சீரியல் லைட். அளவெடுத்துச் செய்தது போல் அத்தனை கச்சிதம்.

"மௌரீன்! யாரு இதை வெச்சது?"

"நான்தான். காலையில பாத்தேன். குட்டிக் கெபி மாதிரி இருந்துச்சு. காலியா விட மனசு வரல."

"அந்த... அந்த செட்டு..."

"போகுது விடுங்க. மாதாவை விடவா லாயிட் பெருசு?"

கோபமே இல்லை! கிளாரன்ஸ் வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக வந்திருந்தார். ஒரு சண்டையும் வராதது அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

சந்தேகம் சரிதான். எதிர்வீட்டு பாமா காய்கறி வாங்க வந்தவள், மாதாவைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினாள். அவள் மகன் ஷ்ரேயாஸ் தினமும் ரிங் ரோட்டில் ஆபீஸுக்குப் போய் ஓடாய்த் தேய்ந்துகொண்டிருந்தான். ஒரு வாரத்தில் பாமா தேங்காயோடு ஓடி வந்தாள்.

"கிளாரன்ஸ் சார்! ஷ்ரேயாஸுக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம் குடுத்துட்டா! பர்மனென்ட்டா! உங்க டேஷ்போர்டுல இருக்கறவ சாதாரணமானவ இல்ல சார்!"

பெங்களூரில் இதைவிடப் பெரிய அற்புதம் வேறென்ன வேண்டும்? தெரு முழுக்கச் செய்தி பரவியது. சாயங்காலமானால் ஃபியட்டின் ஜன்னலோரம் க்யூ. ஒருத்தருக்கு வீசா, ஒருத்தருக்கு காவேரித் தண்ணீர் கனெக்‌ஷன். பங்குச் சாமியார் ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்தவர், ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள் என்று தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டும் போனார். வைப்பருக்கும் இரண்டு சொட்டு விழுந்தது.

கிளாரன்ஸின் ஊட்டி நாசமாய்ப் போயிற்று. கண்ணை மூடினால் பின்சீட்டில் மெழுகுவர்த்தியோடு ஏழெட்டுப் பேர். தூங்குமூஞ்சி மரத்தடியில் பாமா தேங்காய் உடைக்கிறாள். கண்ணைத் திறந்தால் எவளோ ஒருத்தி, "அங்கிள், கொஞ்சம் இறங்கிக்கறீங்களா? ஜெபிக்கணும்" என்கிறாள். சொந்த வண்டியிலிருந்து இறக்கிவிட்டால் மனுஷனுக்குத் துக்கம் வராதா? வந்தது. நிஜமாகவே கண் கலங்கியது. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

டிரேவர் வெல்டிங் சாமானோடு வந்தான். வண்டிக்குள் தலையை விட்டான். சிலுவை போட்டுக்கொண்டு தலையை வெளியே எடுத்தான்.

"அண்ணா, மாதா மூஞ்சிக்கு நேரா நெருப்பா? எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க இருக்கு. ஆளை விடுங்க."

"எடுத்து வெச்சுட்டுப் பண்ணுடா!"

"மந்திரிச்சு வெச்சதை நான் எடுக்கறதா? வேற இடம் பாத்து வையுங்க. அப்புறம் கூப்பிடுங்க, வரேன்."

அன்று சாயங்காலமே கிளாரன்ஸ் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். கையெடுத்துக் கும்பிடாத குறை.

"மௌரீன், மாதாவை வீட்டுக்குள்ள ஜெபம் பண்ற ஆல்டர்ல வெச்சுடலாமே?"

"வெக்கலாம். தெரு ஜனம் மொத்தமும் ஹாலுக்கு வரும். அதுங்க நடுவுல நீங்க லுங்கியோட பேப்பர் படிப்பீங்களா?"

"சரி, மொட்டை மாடி?"

"முட்டி வலிக்காரிங்கதான் முக்கால்வாசி. எப்படி ஏறுவாங்க? வேணாங்க, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. வண்டியிலேயே இருக்கட்டும்."

"ஐயையோ, அது மட்டும் வேணாம்!" கிளாரன்ஸ் யோசித்தார். வெளியே இருக்கணும், கீழே இருக்கணும், நாலு பேர் நிற்க இடம் வேணும். சட்டென்று மூளையில் வெளிச்சம் வந்தது. தன் மூளையை அவரே மெச்சிக்கொண்டார். "ஏம்மா, போர்ட்டிகோவுலயே ஒரு கெபி கட்டிட்டா?"

மௌரீன் பதறிப்போனாள். "போர்ட்டிகோவுலயா? வண்டி எங்க நிக்கும்?"

"தெருவுல நிக்கட்டும்."

"வேணவே வேணாம். காக்கா எச்சம் போடும்னு சொல்வீங்களே!"

"தொடச்சுக்கறேன்."

"நாளைக்கு என்னைச் சொல்லிக் காட்டுவீங்க."

"சத்தியமா மாட்டேன்! மௌரீன், உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். கெபி கட்டிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

மௌரீன் ரொம்ப நேரம் யோசித்தாள். பெருமூச்சு விட்டாள். "உங்களுக்காகத்தான் ஒத்துக்கறேன்" என்றாள். கிளாரன்ஸ் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஜனவரியில் எல்லாம் முடிந்தது. டிரேவர் கைவேலை அபாரம். ஓட்டை இருந்த இடம் எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே தகடு, ஏரித் தண்ணீர் மாதிரி. கிளாரன்ஸ் விரலால் தடவிப் பார்த்தார். அழகு என்றால் அதுதான் அழகு. தெருவில், வேப்பமரத்தடியில் நின்ற வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஊட்டி மலை ஏறத் தொடங்கியது. முதல் வளைவு வந்தது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

"சார், காடி தெகிரி, வண்டியை எடுங்க! தண்ணி லாரி உள்ள வரணும்!"

அடுத்த வளைவுக்குள் குப்பை வண்டி வந்தது. அதற்கடுத்து காக்கா வந்தது. ஆறாவது தடவை நகர்த்தி நிறுத்திவிட்டு, வீட்டுக்கே போய்விட்டார்.

அங்கே கெபி திறப்பு விழா அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. போர்ட்டிகோ முழுக்கப் பாறை, கொடி, செயற்கை நீர்வீழ்ச்சி. அத்தனை பெரிய குகைக்குள் விரல் நீளத்துக்கு மாதா. பாமா குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏன் மௌரீன், இத்தனூண்டு மாதாவை எங்க பிடிச்சே?"

"சிவாஜிநகர் மாதா கோயில் செப்டம்பர் திருவிழாவுல, பாமா. இன்ச் டேப் எடுத்துட்டுப் போய் அளந்து வாங்கினேன்."

கிளாரன்ஸின் கையிலிருந்த கேக் துண்டு பாதி வழியில் நின்றது.

"செப்டம்பரா? நான் செட்டைக் கழட்டினதே நவம்பர்லதானே?"

மௌரீன் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க. அவ்வளவு கண்டிப்பாத் தொடாதீங்கன்னு சொல்லியும், இத்தனை லேட் பண்ணுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."